புதுப்பிப்பு: தேங்காய் தினப் பதிவு எங்கள் எண்ணெய்க் கடைக்கு உதவியதா?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டோனட் தினம், ஈமோஜி தினம் என்று வருவதையெல்லாம் எங்கள் செக்கு எண்ணெய்க் கடையின் இன்ஸ்டாகிராமில் போட்டால் பலன் இருக்குமா என்று கேட்டிருந்தேன்.

"விற்கும் பொருளைத் தொடுகிற ஒரே ஒரு தினத்தை எடுங்கள், வாழ்த்துப் படம் வேண்டாம், கடையில் நடப்பதைக் காட்டுங்கள்" என்ற யோசனைதான் வேலை செய்தது. செப்டம்பர் 2, உலகத் தேங்காய் தினத்தைப் பிடித்துக்கொண்டோம். 1969-இல் ஆசிய பசிபிக் தென்னைக் கூட்டமைப்பு தொடங்கிய நாள் அது. விநாயகர் சதுர்த்தியும் அதை ஒட்டியே வருவதால் தேங்காய்ப் பேச்சு ஊரில் ஏற்கெனவே இருக்கும்.

கொப்பரை செக்கில் அரைபட்டு எண்ணெய் வழிவதை ஒரு வாரம் முன்பே போனில் எடுத்து வைத்தோம். அன்று சொந்த பாட்டில் கொண்டு வந்தவர்களுக்கு விலையில் சிறு தள்ளுபடி. ஹேஷ்டேக்கை அடுக்கச் சொன்ன யோசனையால் வெளியூர் லைக் வந்தது, வாடிக்கையாளர் வரவில்லை. அதே வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டதைப் பார்த்துத்தான் பக்கத்துத் தெருக்காரர்கள் பாட்டிலோடு வந்தார்கள்.

எதிர்பாராதது ஒன்று: வந்தவர்களில் பலர் தள்ளுபடியை விட்டுவிட்டு, "எண்ணெய் ஏன் உறைகிறது, கலப்படமா?" என்றுதான் கேட்டார்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைவது அதன் இயல்பு என்று அப்புறம் தனியாக ஒரு பதிவு போட்டோம். தேங்காய் தினம் முடிந்தும் அதைத்தான் இன்னும் பகிர்கிறார்கள். மார்கழிக் குளிரில் மறுபடி போடப் போகிறோம், எந்தத் தினமும் இல்லாமலே.