சுங்குடிச் சேலைக்குப் போஸ்ட் எழுத ஏஐயிடம் எப்படிக் கேட்பது?

சுங்குடி_மதுரை:
வணக்கம். என் அம்மாவும் பெரியம்மாவும் முடிச்சுப் போடும் சுங்குடிச் சேலைகளை இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றினால், முடிச்சுப் போட்ட இடம் புள்ளியாக நிற்கும், அதுதான் சுங்குடி. படம் எடுப்பது, பார்சல் கட்டுவது எல்லாம் நான் ஒருத்திதான். எழுத நேரம் கிடைக்காததால் இரண்டு மாதமாக ஏஐயிடம் "சுங்குடிச் சேலைக்கு அழகான போஸ்ட் எழுது" என்று கேட்டுப் போடுகிறேன். எந்தச் சேலைக்குக் கேட்டாலும் "காலத்தால் அழியாத அழகு", "உங்கள் தோற்றத்தை உயர்த்துங்கள்" என்றே வருகிறது. போன வாரம் பருத்திச் சேலைக்குப் "பட்டின் மென்மை" என்று எழுதிவிட்டது. நானும் கவனிக்காமல் போட்டுவிட்டேன். பட்டு என்று நம்பிப் பணம் அனுப்பிய ஒரு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மனசே சரியில்லை. எப்படிக் கேட்டால் ஒழுங்காக எழுதும்?

பவானி_ஜமக்காளம்:
அக்கா, "அழகான" என்று மட்டும் சொன்னால் அதற்கு வேறு வழி கிடையாது. உங்கள் வீட்டில் நடப்பது அதற்கு எப்படித் தெரியும்? முதலில் விவரத்தைக் கொட்டுங்கள்: என்ன துணி, என்ன நிறம், யார் முடிச்சுப் போட்டது, எத்தனை நாள் ஆனது, விலை. கீழே "இதில் இல்லாத எதையும் சேர்க்காதே" என்று ஒரு வரி. அப்புறம் நீங்களே முன்பு எழுதிய இரண்டு போஸ்ட்டை ஒட்டி, இந்த நடையில் எழுதச் சொல்லுங்கள். வேண்டாத சொற்களைப் பட்டியலிட்டுத் தடுக்கலாம். "பாரம்பரியம்" என்ற சொல்லை நான் தடுத்துவைத்து ஆறு மாதம் ஆகிறது. இவ்வளவு செய்தாலும் வந்ததை ஒருமுறை வாசிக்காமல் போடவே போடாதீர்கள்.

பழைய_ஜவுளிக்காரர்:
முப்பது வருடம் ஜவுளிக்கடையில் நின்றவன் சொல்கிறேன் அம்மா. சேலையை விரித்துக் காட்டும்போது வாயில் என்ன வருமோ அதை அப்படியே போனில் பேசு. பேச்சை எழுத்தாக்கி, "பிழையை மட்டும் திருத்து, ஆறு வரிக்குச் சுருக்கு" என்று கொடு. இன்ஸ்டாவில் 2,200 எழுத்துவரை எழுதலாம். ஆனால் முதலில் கண்ணில் படுவது ஓரிரு வரிதான். "கையால் முடிச்சுப் போட்ட பருத்தி" என்பது அங்கேயே இருக்கட்டும். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தும், மெழுகு அச்சில் புள்ளி வைத்த துணியும் சுங்குடி என்றுதானே விற்கிறது! வாங்குபவருக்கு முதல் சந்தேகமே அதில்தான்.

சுங்குடி_மதுரை:
ஐயா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று இரவு பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தேன். முதலில் வந்ததில் "ஆயிரக்கணக்கான முடிச்சுகள்" என்று இருந்தது. நாங்கள் எண்ணியதே இல்லை, எடுத்துவிட்டேன். மீதி இதோ:

"கையால் முடிச்சுப் போட்ட பருத்திச் சுங்குடி. அரக்கு நிறம். பெரியம்மா பதினைந்து நாள் முடிச்சுப் போட்ட சேலை. சாயம் காய்ந்த பிறகும் முந்தானையில் கொஞ்சம் முடிச்சை அவிழ்க்காமல் விட்டிருக்கிறோம். இரண்டு பக்கமும் பிடித்து இழுங்கள், உள்ளே வெள்ளைப் புள்ளி தெரியும். அச்சுத் துணியில் இது இருக்காது."

பவானி_ஜமக்காளம்:
அருமை அக்கா. விலை விட்டுப்போச்சு, அதையும் சேர்த்துவிடுங்கள். முந்தானையை இழுப்பதை ஒரு சின்ன வீடியோவாகவும் எடுங்கள்.