மலாவிக் குழந்தைகளுக்கான தையல்: குடும்பக் குழு

*பேட்டை சித்தி:* மலாவி நாட்டுத் தாய்மார்களுக்கு அனுப்பும் பெட்டியில் வைக்க, லேஸ் வைத்த சின்னக் கவுன்கள் தைக்கலாம் என்று பூப்போட்ட பருத்தித் துணி எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்கே வெட்டிவிடட்டுமா?

*பாளை அக்கா:* சற்றுப் பொறுங்கள் சித்தி. நாம் தைப்பது 37 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தைகளுக்கு. அப்படிப்பட்ட பிள்ளையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து, துணியால் சுற்றிக் கட்டி, அவள் உடற்சூட்டிலேயே வளர்க்கும் முறை, இன்குபேட்டர் போதாமல் தவித்த, கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்து மருத்துவமனை ஒன்றில் 1978-இல் தொடங்கியது. எங்கள் வார்டிலும் அதைத்தான் செய்கிறோம். கவுன் போட்டால் தாயின் தோல் பிள்ளைமேல் படவே படாது. தொப்பி, நாப்கின், காலுறை, வேண்டுமானால் கையில்லாமல் முன்பக்கம் திறந்த ஜப்லா, இவை போதும்.

*அம்பை ஆச்சி:* ஆப்பிரிக்காவில் வெயில் கொளுத்துமே, தொப்பி எதற்கு அம்மா?

*பாளை அக்கா:* அங்கே ஜூன், ஜூலை குளிர்காலம் ஆச்சி. வெயில் காலமானாலும், தோலுக்கடியில் கொழுப்புச் சேராத பிள்ளைக்கு உடம்பில் சூடு நிற்காது. உடம்பைப் பார்க்கத் தலை பெரிதாக இருப்பதால் அந்த வழியாகவும் நிறையச் சூடு போய்விடும். ஒன்றரைக் கிலோப் பிள்ளைக்குத் தலைச்சுற்று 28 செ.மீ. அளவில்தான் இருக்கும்; கடைத் தொப்பி கண்ணை மூடிவிடும்.

*வீரவநல்லூர் மதினி:* தொப்பிக்குப் பனியன் துணிதான் சரி. நேர்த்தையல் போட்டால் இழுக்கும்போது நூல் அறுந்துவிடும், ஜிக்ஜாக் போடுங்கள். ஜப்லாவுக்கு எங்கள் ஊர்த் தறித்துணி தருகிறேன். வெந்நீரில் ஊறவைத்து, கஞ்சி முழுவதும் போக அலசிக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும், இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கிவிடும். தையல் மடிப்பு வெளிப்பக்கம் இருக்கட்டும். வெங்காயச் சருகு போன்ற அந்தத் தோலில் உரசினால் புண்ணாகிவிடும். பட்டன், ஊக்கு, லேஸ் எதுவும் வேண்டாம். நாடா வைக்கலாம், ஆனால் கழுத்தருகே கூடாது.

*தூத்துக்குடி தம்பி:* அக்கா, சிலர் பால் பவுடர் டப்பாவும் பாட்டிலும் கொடுத்திருக்கிறார்கள். சேர்க்கட்டுமா?

*பாளை அக்கா:* கண்டிப்பாக வேண்டாம் தம்பி. நல்ல தண்ணீர் கிடைக்காத வீட்டில் பாட்டில்பால் பேதியைத்தான் கொண்டுவரும். பிள்ளை சப்புவது குறைந்தால் தாய்க்குப் பால் சுரப்பதும் குறையும். விளக்கிச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடு.

*பேட்டை சித்தி:* அப்படியானால் என் துணியை என்ன செய்வது?

*பாளை அக்கா:* வெட்டாதீர்கள் சித்தி. அங்கே பெண்கள் சித்தேஞ்சே என்னும் நீளத் துணியால்தான் பிள்ளையைக் கட்டிக்கொள்கிறார்கள். இரண்டிரண்டு மீட்டராகக் கிழித்து, ஓரம் மட்டும் மடித்துத் தைத்துக் கொடுங்கள்.

*பேட்டை சித்தி:* பத்து மீட்டர் இருக்கிறது. இன்றிரவே நனைத்துப் போடுகிறேன்.