ஆகஸ்ட் 6 பள்ளிக் கண்காட்சி: ராஜாஜியை உப்போடு நிறுத்திவிட வேண்டாம்

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம்மூர்ப் பள்ளியில் ஹிரோஷிமா நாளன்று வைக்கப்போகும் பலகைகளின் வாசகங்களைத் துபாய்த் தம்பிகள் அனுப்பியிருந்தார்கள். உழைப்பு தெரிகிறது. ஒரே ஒரு குறை. நம் வட்டாரத்தைப் பற்றிய பலகையில், ராஜாஜி 1930இல் வேதாரண்யத்தில் உப்பு எடுத்தார் என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. அணுகுண்டைப் பற்றிய கண்காட்சியில் அவர் நிற்கவேண்டிய காரணமே அதற்குப் பிறகுதான் வருகிறது.

1954 மார்ச் 1இல் பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா சோதனைக்காக வெடித்த ‘பிராவோ’ ஹைட்ரஜன் குண்டிலிருந்து தொடங்குங்கள். கணக்குப் போட்டது 6 மெகாடன் (ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் பலம்). வெடித்தது 15 மெகாடன். குண்டில் வைத்த லித்தியத்தில் இரண்டு வகை உண்டு. லித்தியம்-6 மட்டும்தான் வெடிப்புக்கு எரிபொருளான டிரிட்டியம் என்ற கன ஹைட்ரஜனைத் தரும், லித்தியம்-7 சும்மா கிடக்கும் என்று நினைத்துவிட்டார்கள். அதுவும் உடைந்து டிரிட்டியம் தந்தது. அந்த வெடிப்பின் கதிரியக்கச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றில் இருந்த 23 பேர்மேல் விழுந்தது. அவர்களில் குபோயாமா என்பவர் செப்டம்பரில் இறந்தார். ஏப்ரல் 2இல் நேரு, அணுகுண்டுச் சோதனைகளை உடனே நிறுத்திவைக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார். அதே ஏப்ரலில்தான் இங்கே ராஜாஜி பதவியிழந்து காமராசர் முதலமைச்சரானார். காரணம் குலக்கல்வித் திட்டம். இதைப் பலகையில் மறைக்காதீர்கள். பிள்ளைகளின் தாத்தாக்கள் வந்து பார்ப்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். அந்தத் திட்டம் தவறு என்பதுதான் என் கருத்தும். அதைச் சொல்லிவிட்டே மேலே போகலாம்.

பதவி போனபின் அணு ஆயுத எதிர்ப்பை அவர் விடாமல் கையில் எடுத்தார். ‘அவன் நிறுத்தினால் நான் நிறுத்துகிறேன்’ என்று இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தால் ஒருநாளும் நிற்காது, ஒருவர் முந்திக்கொண்டு தாமாக நிறுத்த வேண்டும் என்பதே அவர் வாதம். 1958 கடைசியிலிருந்து அமெரிக்கா, சோவியத், பிரிட்டன் மூன்றும் சோதனை செய்யாமல் இருந்தன. 1961 செப்டம்பரில் சோவியத் மறுபடி தொடங்கி, அக்டோபர் 30இல் 50 மெகாடன் குண்டை வெடித்தது. 1962 ஏப்ரலில் அமெரிக்காவும் வான்வெளிச் சோதனையில் இறங்கியது. ஜூனில் காந்தி அமைதி நிறுவனம் தில்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு நடத்தியது. அதன் தொடர்ச்சியாக ராஜாஜி, அந்த நிறுவனத்தின் தலைவர் ஆர்.ஆர். திவாகர், பத்திரிகையாளர் பி. சிவராவ் மூவரும் அமெரிக்கா போனார்கள். செப்டம்பர் 28இல் வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் கென்னடியைச் சந்தித்தார்கள். அப்போது ராஜாஜிக்கு வயது 83.

இங்கே இரண்டு இடத்தில் கால் வழுக்கும். கியூபாவில் சோவியத் ஏவுகணை வைத்ததால் அமெரிக்காவோடு போர் மூளப் பார்த்த கியூபா ஏவுகணை நெருக்கடி அந்தச் சந்திப்புக்குப் பிறகு, அக்டோபர் 16 முதல் 28 வரை நடந்தது. வரைவில் முன்பின்னாக இருக்கிறது, மாற்றுங்கள். இரண்டாவது, ‘ராஜாஜி சொன்னதால் 1963இன் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்தது’ என்று எழுதக் கூடாது. 1963 ஜூன் 10இல் கென்னடி, மற்றவர்கள் செய்யாதவரை அமெரிக்காவும் வான்வெளிச் சோதனை செய்யாது என்று அறிவித்தார். ராஜாஜி கேட்டதற்கு மிக நெருங்கிய அறிவிப்பு அது. அதற்குப் பல கை சேர்ந்தது, இவரும் அதில் ஒரு கை. அவ்வளவு சொன்னால் போதும், அதுவே பெரிது. ஆகஸ்ட் 5இல் மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தானது, 8இல் இந்தியா கையெழுத்திட்டது, அக்டோபர் 10இல் நடைமுறைக்கு வந்தது. நம் நிகழ்ச்சி ஆகஸ்ட் 6 என்பதால் முன்னும் பின்னுமான இந்தத் தேதிகளைப் பெரிய எழுத்தில் போடலாம்.

இனி பிள்ளைகள் கையால் செய்து பார்க்க இரண்டு ஏற்பாடு.

முதலாவது, நெல். ஹிரோஷிமாவில் விழுந்தது சுமார் 15 கிலோடன், அதாவது 15 ஆயிரம் டன் டி.என்.டி. பலம். பிராவோ 15 மெகாடன், ஆயிரம் மடங்கு. எழுத்தில் இரண்டுமே ‘15’ என்று வருவதால் பெரியவர்களே குழம்புகிறார்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் ஒரே ஒரு நெல்மணி, பக்கத்து பாட்டிலில் ஆயிரம், மூன்றாவதில் சோவியத் குண்டுக்கு 3,300. ஆயிரம் மணியை உட்கார்ந்து எண்ண வேண்டியதில்லை. நூறு எண்ணி நகைத்தராசில் நிறுத்து, பத்தால் பெருக்கி அந்த எடைக்கு அள்ளுங்கள். சி.ஆர். 1009 மாதிரி மோட்டா ரகம் ஆயிரம் மணிக்கு 20 கிராமுக்குச் சற்று மேல் வரும், சன்ன ரகம் 15 கிராம் அளவில் நிற்கும். ஒரே ரகத்தையே மூன்று பாட்டிலிலும் போடுங்கள். தூற்றிப் பதர் நீக்கிய, நன்றாகக் காய்ந்த நெல்லாக இருக்கட்டும். பதர் கலந்தால் எடைக்குள் மணி எண்ணிக்கை கூடிவிடும். ஈரம் இருந்தால் எண்ணிக்கை குறையும், மூடிய பாட்டிலில் பூசணமும் பிடிக்கும். அந்த ஒற்றை நெல்லின் கீழே ‘ஹிரோஷிமா’ என்று மட்டும் எழுதுங்கள். வேறு வாசகம் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, தாம்பாளம். 1963 ஒப்பந்தம் வான்வெளி, விண்வெளி, நீருக்கடி மூன்றையும் தடுத்தது, நிலத்தடியை விட்டுவிட்டது. ஏன் என்ற கேள்விக்குப் பதில் இதில் கிடைக்கும். மர பெஞ்சின் ஒரு முனையில் பித்தளைத் தாம்பாளத்தில் ஒரு விரல் உயரம் தண்ணீர். மறுமுனையைத் துணியால் மறைத்து, ஒருமுறை கையால் குத்துங்கள், ஒருமுறை செங்கல்லை வையுங்கள். தண்ணீரின் அலையை மட்டும் பார்த்து எது கை, எது கல் என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். சின்ன அதிர்ச்சி என்றால் சொல்ல முடியாது. நிலத்தடி அதிர்வு வந்தால் நிலநடுக்கமா, குண்டா என்று அன்றைக்கு அப்படித்தான் திணறினார்கள். சந்தேகமான இடத்தை நேரில் போய்ப் பார்க்க ஆண்டுக்கு ஏழு முறையாவது வேண்டும் என்றது அமெரிக்கா, மூன்றுக்கு மேல் முடியாது என்றது சோவியத். நிலத்தடியையும் சேர்க்கும் பேச்சு அங்கேயே முறிந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் காற்றே அலையெழுப்பும்.

குண்டுச் சாம்பலில் வரும் கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரான்சியம்-90 பற்றிய பலகையில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: அது உடம்புக்குள் சுண்ணாம்புச் சத்து போகும் வழியிலேயே போகிறது. மழையோடு இறங்கி, புல்லில் ஏறி, மாடு தின்று, பாலில் வந்து, குழந்தையின் எலும்பில் தங்கும். பாதியாகக் குறையவே சுமார் 29 ஆண்டுகள். எங்கேயோ கடலில் வெடித்ததற்கு நமக்கென்ன என்று கேட்கும் பிள்ளைக்கு இதுதான் பதில்.

உப்புப் பகுதியையும் கொஞ்சம் திருத்துங்கள். 1930 ஏப்ரல் 13இல் திருச்சியில் புறப்பட்டு 28இல் வேதாரண்யம் சேர்ந்த நடை, சுமார் 240 கிலோமீட்டர். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்கு ஆறு மாதச் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். நம் சனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்த கை எது என்று போலீசுக்குத் தெரியாது, வாங்கிய வாய்க்கும் தெரியாது. வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர், சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தவர் காவலர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டார். ஏப்ரல் 30இல் அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் ராஜாஜி கைதானார். அவர் படம் ஒன்று போதும். மரத்தில் தொங்கும் பொட்டலத்தைப் பெரிதாக வரையச் சொல்லுங்கள், வைரப்பனுக்கும் தனிப் பலகை வேண்டும். எதிரியை அடிக்காமல் ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள் இவர்கள். வெள்ளை மாளிகைக்கு ராஜாஜி எடுத்துப்போன வாதத்தை இங்கே முதலில் செய்து காட்டியவர்கள்.

பலகைகளை ஃபிளெக்ஸில் அடிக்க வேண்டாம். பள்ளித் தாழ்வாரத்து வெயிலில் நாளடைவில் சாயம் போகும், மடித்தால் மடிப்பில் வெடிக்கும். காடாத் துணியில் 3க்கு 4 அடி, மேலும் கீழும் மூங்கில் குச்சி நுழைக்கத் தையல் விட்டு அடித்தால் சுருட்டி வைத்து அடுத்த ஆண்டு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கும் கொடுக்கலாம். திருத்திய வாசகம் ஜூலை 15க்குள் வந்துவிட்டால் மன்னார்குடியில் அச்சுக்குக் கொடுத்து, பிழை பார்க்க ஒரு வாரம் கையில் இருக்கும்.