நீர்வண்ணப் படங்கள்: தாள் நெளிகிறது, அச்சில் நிறம் மங்குகிறது

கேள்வி: சிறுவர் புத்தகத்துக்கு 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) தாளில் படம் வரைகிறேன். தாள் நெளிந்து ஸ்கேனில் நிழல் விழுகிறது. அச்சில் நீலம் மங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளுக்கு மாறுங்கள். அதையும் 5 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, மரப்பலகையில் விரித்து, நான்கு ஓரத்தையும், நனைத்தால் ஒட்டும் பசைத்தாள் நாடாவால் ஒட்டுங்கள். மாஸ்கிங் டேப் ஈரத்தில் நிற்கவே நிற்காது. பலகையைப் படுக்கையாக வைத்தே காயவிடுங்கள். நிமிர்த்தினால் நீர் கீழிறங்கி அந்த ஓரத்து நாடா பிரிந்துவிடும். தாள் காய்ந்ததும் பலகையிலேயே வரைந்து, படம் முழுக்கக் காய்ந்த பிறகே வெட்டி எடுங்கள்.

பதில் 2: மங்குவதற்குத் தாள் காரணமில்லை. திரையில் தெரியும் பளிச்சென்ற நீலம் நான்கு மை (சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு) அச்சில் வராது. எல்லாப் பக்கங்களையும் முடித்துவிட்டுத் தவிக்காமல், முதல் படத்திலேயே சோதனை அச்சு எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஸ்கேன் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கான புள்ளிகள்) போதும்.

பதில் 3: அச்சான பின் பக்கங்களின் ஓரத்தை வெட்டுவார்கள்; அதற்காகச் சுற்றிலும் 3 மிமீ கூடுதலாக வரையுங்கள். முகங்களை நடு மடிப்பில் வைக்காதீர்கள்.