தந்தை உயிரோடு இருக்கும்போது பாட்டிக்கு கார்டியன்ஷிப் கிடைக்குமா?

வட்டக்குழு பி.எல்.வி.:
நான் பி.எல்.வி. (சட்டத் தன்னார்வலர்). வட்ட சட்டப்பணிகள் குழுவுக்கு வந்த விவகாரம். ஊர், பெயர் வேண்டாம். தாய் நோயில் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பெண்ணுக்கு 9 வயது, பையனுக்கு 5. அப்போதிருந்து அம்மாவழிப் பாட்டி, தாத்தாவிடம்தான் வளர்கிறார்கள். தந்தை மறுமணம் செய்துகொண்டு வேறு மாவட்டத்தில் இருக்கிறார். போகும்போது, "பிள்ளைகளை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டேன், எனக்கு எந்த உரிமையும் இல்லை" என்று 100 ரூபாய் பத்திரத்தில் எழுதி, நோட்டரி சீலும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். தாயின் பி.எஃப். பணம் இருப்பது தெரிந்ததும் இப்போது பிள்ளைகளைக் கேட்கிறார். அந்தப் பத்திரம் செல்லுமா? எங்கே, என்ன மனு போடுவது?

சிவில்சைடு:
பத்திரம் கார்டியன்ஷிப் தராது. தந்தை என்ற நிலையை நோட்டரி முன்னால் எழுதிக் கைமாற்ற முடியாது. அதற்காகக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அவராகவே விட்டுப்போனார் என்பதற்கு அது நல்ல சாட்சி ஆவணம்.

போட வேண்டியது 1890-ம் வருட கார்டியன் அண்டு வார்ட்ஸ் சட்டப்படி (பாதுகாவலர் நியமனச் சட்டம்) ஜி.டபிள்யூ.ஓ.பி., அதாவது பாதுகாவலர் நியமன மனு. பிள்ளைகள் ஏற்கெனவே பாட்டியிடம் இருப்பதால் பிரிவு 25-ல் 'கஸ்டடி' கேட்க வேண்டியதில்லை. பிரிவு 7, 10-ல் பாதுகாவலராக நியமிக்கக் கேளுங்கள். பிரிவு 9-ன்படி பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம். அதனால் அப்பாதான் இங்கே வர வேண்டும். ஸ்கூல் சர்டிபிகேட், ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை எல்லாவற்றிலும் பாட்டி வீட்டு முகவரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மனு ரிட்டர்ன் ஆகப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, பாதுகாவலராக இருக்கச் சம்மதம் என்று பாட்டி கையெழுத்திட்ட உறுதிமொழி இருக்காது, அல்லது அதில் இரண்டு சாட்சி கையெழுத்து இருக்காது. பிரிவு 10(3) அதைக் கேட்கிறது. இன்னொன்று, பிள்ளையின் உடலுக்கும் சொத்துக்கும் ஒரே மனுவில் குடும்பநல நீதிமன்றத்தில் கேட்பது. உடல், வளர்ப்பு சம்பந்தப்பட்டது அங்கே. சொத்துக்கான பாதுகாவலர் நியமனம் மாவட்ட நீதிமன்றத்தில். அங்கே நியமனம் ஆனபிறகும், கோர்ட் அனுமதி இல்லாமல் பிள்ளையின் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது (பிரிவு 29).

பாட்டியை முதல் மனுதாரராகப் போடுங்கள். பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். தாத்தா பெயரில் மட்டும் போட்டால் வருமானச் சான்று கேட்பார்கள்.

வாய்தா வரதன்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் உண்மையான மலை அதே 1890 சட்டத்தின் பிரிவு 19. தந்தையோ தாயோ உயிரோடு இருந்து, அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாவிட்டால் வேறு ஒருவரை நியமிக்க முடியாது. மறுமணம் மட்டுமே தகுதியின்மை ஆகாது. 1956-ம் வருட இந்து மைனர், பாதுகாவலர் சட்டத்தின் பிரிவு 13 பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது, வாதம் அங்கேதான் நிற்க வேண்டும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. 2008-ல் நில் ரத்தன் குண்டு வழக்கில் மனைவியின் வரதட்சணை மரணத்தில் குற்றம் சாட்டப்பட்ட தந்தையிடம் பிள்ளையை ஒப்படைத்த உத்தரவை ரத்து செய்து, அம்மாவழிப் பாட்டி, தாத்தா பக்கம் நின்றார்கள். 2019-ல் தேஜஸ்வினி கௌட் வழக்கில், தாயின் நோய்க்காலத்தில் உறவினரிடம் வளர்ந்த குழந்தை தந்தைக்கே போனது. உங்கள் எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் நீட்டும். அதனால் 'பணத்துக்காக வருகிறார்' என்று பத்துப் பக்கம் திட்டாதீர்கள். இரண்டு வருடத்தில் ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டியது, ஜுரம் வந்தபோது ஆஸ்பத்திரி சீட்டில் யார் பெயர், அவர் எத்தனை தடவை பார்க்க வந்தார், பணம் அனுப்பினாரா, இதைத் தேதிவாரியாக வையுங்கள்.

நோட்டீஸ் பேட்டாவை (நோட்டீஸ் அனுப்பும் கட்டணம்) முதல் வாய்தாவிலேயே கட்டுங்கள், முகவரி தெளிவாக இருக்கட்டும். அரைகுறை முகவரியில் அனுப்பி எக்ஸ்பார்ட்டி உத்தரவு (எதிர்த்தரப்பு வராமலே வரும் உத்தரவு) வாங்கினால், நோட்டீஸே வரவில்லை என்று அவர் பின்னால் வந்து அதை ரத்து செய்ய வைப்பார்.

கவுன்சலிங் அறை:
பெண்ணுக்கு 9 வயது, நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகக் கேட்பார். விவரம் புரிந்து விருப்பம் சொல்லும் வயதாக இருந்தால் அதையும் பரிசீலிக்கலாம் என்று பிரிவு 17(3) இருக்கிறது. தயவுசெய்து எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். "அப்பா எங்களைப் பராமரிக்கவில்லை" என்று 9 வயதுப் பிள்ளை பேசாது. அந்த வாக்கியம் வந்தாலே பாட்டி தரப்பு வாதம் பலவீனமாகிவிடும். தந்தை மாதம் இரண்டு முறை பார்க்கலாம் என்று நீங்களே மனுவில் முன்வந்தால் நல்லது. பாட்டி வயதை எதிர்த்தரப்பு கிளப்பும். தாய்மாமா கூடவே இருப்பேன் என்று ஒரு அஃபிடவிட், பாட்டிக்கு மெடிக்கல் ஃபிட்னஸ் சான்று, இரண்டும் சேர்க்கவும். அக்கா, தம்பி இருவரையும் பிரிக்கும் யோசனை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

இ.பி.எஸ். பழைய கை:
பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நாமினேஷன் இருக்கிறதா பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் போட்டதென்றால் செல்லாது. நாமினேஷனே இல்லையென்றால் பி.எஃப். தொகை குடும்பத்தினருக்குச் சமபங்கு, கணவரும் அதில் வருவார். அதைத் தடுக்கப் போராடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தாயின் வேலையால் குடும்பத்துக்கு வரும் இ.பி.எஸ். (பி.எஃப். பென்ஷன் திட்டம்) பென்ஷன் கதை வேறு. மறுமணம் செய்ததும் கணவருக்கு வரும் பென்ஷன் நின்றுவிடும், அதன்பின் பிள்ளைகளுக்கு ஆர்ஃபன் பென்ஷன் (அநாதைப் பிள்ளைகளுக்கான பென்ஷன்): துணைக்கான பென்ஷனில் 75%, ஒரு பிள்ளைக்குக் குறைந்தது மாதம் 750 ரூபாய், 25 வயது வரை. படிவம் 10டி. மறுமணத்துக்கான ஆதாரத்தைக் கையில் வைத்திருங்கள். பாட்டி வாங்க வேண்டுமென்றால் கார்டியன் உத்தரவு நகல் கேட்பார்கள்.

வட்டக்குழு பி.எல்.வி.:
நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: அவர் ஸ்கூல் வாசலிலேயே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால்?

சிவில்சைடு:
போலீஸில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) கிடைக்கும், அதற்கு மேல் "அப்பாதானே கூட்டிட்டுப் போனார், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். அதனால் மெயின் மனுவோடு அன்றைக்கே பிரிவு 12-ல் ஐ.ஏ. (இடைக்கால மனு) போட்டு, வழக்கு முடியும்வரை பிள்ளைகளைப் பாட்டியிடமிருந்து எடுக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கேளுங்கள். கிடைத்ததும் சான்றிட்ட நகல் ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். உத்தரவு வருவதற்கு முன்பே தூக்கிப் போய்விட்டால், பாட்டி தாமதிக்காமல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். அங்கேயும் கேள்வி பிள்ளை நலன்தான்.