ஃப்ளை தூண்டில் கோலைச் சொந்தமாகக் கட்டுதல்: எங்கிருந்து தொடங்கலாம்?

நீரோட்டம்:
வணக்கம். நான் ஒன்ராறியோவில் கிராண்ட் ஆற்றுக்கு அருகே வசிக்கிறேன். ஷாண்ட் அணையின் அடிமட்டத்திலிருந்து திறந்துவிடப்படும் குளிர்ந்த நீரால் ஃபெர்கஸ் ஊரை ஒட்டிய பகுதியில் பிரவுன் டிரவுட் மீன்கள் கோடையிலும் தாக்குப்பிடிக்கின்றன. அவற்றைத்தான் ஃப்ளை தூண்டிலில், அதாவது பூச்சி போலக் கட்டிய ‘ஃப்ளை’ என்னும் செயற்கை இரையால், பிடித்து வருகிறேன். வரும் குளிர்காலத்தில் எனக்கான கோலை நானே கட்ட விரும்புகிறேன். எல்லாப் பொருள்களும் அடங்கிய கிட் வாங்குவதா, பிளாங்க் (எதுவும் பொருத்தாத வெறும் கோல்), லைன் என்னும் தூண்டில் கயிறு ஓடும் வளையங்கள், ரீல் சீட் (கயிறு சுற்றும் ரீலைப் பொருத்தும் பகுதி), கார்க் பிடி ஆகியவற்றைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பதா என்று முடிவு செய்ய இயலவில்லை. வளையங்களைக் கட்ட நூல் சுற்றும் கருவி, அந்த நூலின் மேல் பூசும் எபாக்ஸிப் பிசின் உலரும்வரை கோலைச் சுழற்றும் மோட்டார் ஆகியவை முதல் கோலுக்கு உண்மையிலேயே தேவையா? பிளாங்கின் ஸ்பைனை, அதாவது விறைப்பான பக்கத்தை, கண்டுபிடித்த பிறகே வளையங்களைக் கட்ட வேண்டும் என்கிறார்களே, அது சரியா? மூங்கில் கோலின் மீதும் எனக்கு ஆசை உண்டு, அதிலிருந்தே தொடங்கலாமா?

கார்க்பிடி:
வணக்கம் நண்பரே. முதல் கோலுக்குக் கிட் வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. நுனி வளையத்தின் குழாய், அங்குலத்தை 64 பங்காக்கிய கணக்கில் அளக்கப்படுகிறது. அது பிளாங்கின் நுனிக்கும், ரீல் சீட்டின் உள்துளை பிளாங்கின் அடிப்பகுதிக்கும், கார்க் பிடியின் துளை அது அமரும் இடத்தின் பருமனுக்கும் பொருந்த வேண்டும். கிட்டில் இந்தப் பொருத்தங்களைப் பெரும்பாலும் விற்பவரே பார்த்துவிடுவதால் உங்கள் கவனம் முழுவதும் கைவேலையில் நிற்கும்.

உங்கள் ஆற்றுக்கு 9 அடி நீளமுள்ள, 5ஆம் எண் லைனுக்குரிய, நான்கு துண்டுகளாகப் பிரியும் கிராஃபைட் பிளாங்க் பொருத்தமானது. இந்த முறையில் கோலை வளைத்துத் தூரத்துக்குப் போவது லைனின் எடைதான். ஃப்ளைக்கு எடை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. 5ஆம் எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது ஏறத்தாழ 9 கிராம் இருக்க வேண்டும் என்பது அளவுகோல்.

நூல் சுற்றும் கருவி இப்போது வேண்டாம். அட்டைப்பெட்டியின் இரு பக்கங்களிலும் ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டிக் கோலை அதில் கிடத்தி, நூலைத் தடித்த புத்தகம் ஒன்றின் பக்கங்களுக்கு இடையே விட்டு இழுத்தால் வேண்டிய இறுக்கம் கிடைக்கும்.

நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டியது, பிளாங்கின் மேல் படிந்து நூலால் கட்டப்படும் வளையக் கால்களில்தான். கால்முனை பெரும்பாலும் தடிப்பாகவே வரும். அதை அரத்தால் சரிவாகத் தேய்த்தால்தான் நூல் பிளாங்கிலிருந்து காலின் மேல் இடைவெளியின்றி ஏறும். அடிப்பக்கத்தில் பிசிறு இருந்தால் கோல் வளையும் ஒவ்வொரு முறையும் அது கிராஃபைட்டைக் கீறும் என்பதால், அங்கும் விரலில் உறுத்தாத அளவுக்குத் தேய்த்துவிடுங்கள். நூலின் தொடக்க முனையை அதன் மேலேயே சில சுற்றுகள் சுற்றிப் பூட்ட வேண்டும். முடிவதற்கு ஏழெட்டுச் சுற்றுகள் இருக்கும்போது மடித்த நூல் கண்ணி ஒன்றை உள்ளே வைத்துச் சுற்றி, வெட்டிய முனையை அக்கண்ணியில் நுழைத்து இழுத்தால், முனை சுற்றுகளுக்கு அடியில் புதைந்துவிடும். சுற்றி முடித்த பின்பும் கட்டைவிரலால் வளையத்தைச் சற்று நகர்த்த முடிகிற இறுக்கமே சரியானது, ஏனெனில் வளையங்களைக் கடைசியாக நேர்ப்படுத்துவது அப்போதுதான். துண்டுகள் இணையுமிடத்தில் ஒன்றின் மேல் மற்றொன்று ஏறும் வாய்ப்பகுதியை நூலால் பலப்படுத்தாமல் கோலை வீசிப் பார்க்காதீர்கள், அது பிளந்துவிடக்கூடும்.

அடிநீர்:
ஸ்பைனைப் பற்றி நான் சொல்கிறேன். கார்பன் இழைத் துணியை எஃகு அச்சின் மேல் சுற்றி, வெப்பத்தில் இறுகவைத்துப் பிளாங்க் செய்யப்படுகிறது. சுவரின் பருமன் எல்லாப் பக்கமும் ஒன்றாக அமையாததால் ஒரு பக்கம் சற்று விறைப்பாக இருக்கும்; அதுவே ஸ்பைன். அதை வைத்தே வளையங்களைக் கட்ட வேண்டும் என்போரின் கருத்து எனக்கு ஏற்புடையதன்று. எந்தப் பிளாங்கும் முற்றிலும் நேராக இருப்பதில்லை. அந்தச் சிறு வளைவு பக்கவாட்டில் விழாமல் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ அமையும்படி துண்டுகளைத் திருப்பி வைத்தால், பிடியிலிருந்து பார்க்கும்போது கோல் நேராகத் தெரியும். லைன் சீராக ஓடுவதற்கும் கண்ணின் நிறைவுக்கும் அதுவே முக்கியம் என்பேன்.

நூல் சுற்றுவதற்கு முன் எல்லா வளையங்களையும் நாடாவால் ஒட்டி, லைனைக் கோத்து, நுனியைக் கீழே இழுத்து வளைத்துப் பாருங்கள். கோலின் வளைவைப் பின்பற்றாமல் லைன் குறுக்கே நேர்கோடாகப் போகும் இடத்தில் வளையங்களை நெருக்கி வைக்க வேண்டும். கிட்டோடு வரும் இடைவெளிப் பட்டியல் நல்ல தொடக்கம்தான் என்றாலும், இந்தச் சோதனையைத் தவிர்த்துவிடாதீர்கள்.

டோன்கின்:
மூங்கில் ஆசையை விட்டுவிடாதீர்கள், ஆனால் அதிலிருந்து தொடங்கவும் வேண்டாம். சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் விளையும் டோன்கின் மூங்கிலைப் பிளந்து, ஒவ்வொரு கீற்றையும் 60 பாகை கோணங்கள் கொண்ட முக்கோணமாக எஃகு அச்சில் வைத்து இழைப்புளியால் சீவி, ஆறு கீற்றுகளை ஒட்டி அறுகோணக் கோலாக்குகிறார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் திருத்த வேண்டிய வேலை அது. கிராஃபைட்டில் நீங்கள் பழகும் நூல் சுற்றும் திறமை முழுவதும் அங்கும் பயன்படும்.

நீரோட்டம்:
அனைவருக்கும் நன்றி. கிட் வாங்கவே முடிவு செய்துவிட்டேன். மோட்டார் இல்லாமல் எபாக்ஸி பூச முடியுமா?

கார்க்பிடி:
முடியும். இரு பாகங்களையும் தனித்தனி ஊசிக்குழலால் சம அளவில் எடுத்து, குமிழ் எழாதபடி மெதுவாகக் கலந்து, அலுமினியத் தாளின் மேல் ஊற்றிப் பரப்புங்கள். கிண்ணத்தில் குவிந்திருந்தால் சூடேறி விரைவில் கெட்டியாகிவிடும். பூசிய பின் முதலில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கோலைக் கால் சுற்றுத் திருப்பி, ஓட்டம் நின்றதும் இடைவெளியை அதிகரித்து, அது அசையாத நிலைக்கு வரும்வரை தொடர வேண்டும். குளிரில் எபாக்ஸி தடித்துக் குமிழ்களை உள்ளேயே பிடித்துக்கொள்ளும் என்பதால் உங்கள் ஊர்க் குளிர்காலத்தில் கராஜைத் தவிர்த்து, காற்றோட்டமும் வெதுவெதுப்பும் உள்ள அறையில், கையுறை அணிந்து வேலை செய்யுங்கள். நுனி வளையத்துக்கு மட்டும் எபாக்ஸி வேண்டாம். சூட்டில் உருகும் பசையால் ஒட்டினால், பின்னாளில் அது தேய்ந்தாலோ வளைந்தாலோ மெல்லச் சூடுகாட்டிக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.