ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் விசில்: டைனமோவா, எர்த்தா?

சேலத்தான்
வணக்கம். 2009 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். இன்ஜினில் குறை இல்லை. ஸ்டீரியோவைப் போட்டால் மட்டும் ஸ்பீக்கரில் மெல்லிய விசில். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் விசில் ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அதே அளவில் கேட்கிறது. முன்பு வைத்திருந்தவர் டிக்கியில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) மாட்டியிருக்கிறார். எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன், பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவை மாற்றச் சொல்கிறார். சந்தேகம் இருந்தால் வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கலாம் என்கிறார். செய்யலாமா?

நெல்லை மெக்கானிக்
தம்பி, எலக்ட்ரீஷியன் சொன்னது சரிதான். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் சத்தம் டைனமோவைத் தவிர வேறெங்கிருந்து வரும்? இத்தனை வருடம் ஓடிய வண்டியில் டைனமோவுக்குள் உரசும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோட் பிளேட்டும் தளர்ந்திருக்கும். டயோட் ஒன்று போனால் சார்ஜ் குறையும், பேட்டரியும் சீக்கிரம் சாகும். நடுவழியில் நிற்பதற்கு முன்னால் கழற்றி சர்வீஸ் செய்துவிடு.

வயர்மேன்
சேலத்தான் சார், முதலில் ஒன்று: ஓடும் வண்டியில் டெர்மினலைத் தயவுசெய்து கழற்றாதீர்கள். டைனமோ வெளியிடும் மின்சாரத்தைத் தாங்கிப் பிடிப்பது பேட்டரிதான். அதைச் சட்டென்று பிரித்தால் வோல்டேஜ் ஒரு கணம் எகிறும். தடுப்பு இல்லாத 12 வோல்ட் வண்டியில் 80, 100 வோல்ட் வரைகூடப் போகலாம். இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), மீட்டர் போர்டு, ஏர்பேக் யூனிட் எதற்கு வேண்டுமானாலும் ஆபத்து.

அடுத்து விசில். நல்ல டைனமோவிலும் இந்தச் சத்தத்துக்கான அலை உண்டு. உள்ளே உருவாவது மூன்று ஃபேஸ் ஏசி, அதாவது மாறுமின்சாரம். ஆறு டயோட் அதை டிசி, அதாவது நேர்மின்சாரம் ஆக்கினாலும் மேலே சின்னச் சிற்றலை மிஞ்சும். வழக்கமான 12 முனை டைனமோ ஒரு சுற்றுக்கு 36 சிற்றலை தரும். ஐடிலிங் 800 ஆர்பிஎம், புல்லி அதை இரண்டரை மடங்காக்குகிறது என்று வையுங்கள்: நொடிக்கு 1200 அலை. 3000 ஆர்பிஎம்மில் 4500. உங்கள் விசில் அதுதான். டயோட் போனால் பெரும்பாலும் மெல்லிய விசிலோடு நிற்காது, அடித்தொண்டையில் உறுமுவது போல ஒரு சத்தம் சேரும்.

அதனால் சத்தம் எங்கே பிறக்கிறது என்பதைவிட, ஸ்பீக்கருக்குள் எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான் தேட வேண்டும். வால்யூமைக் குறைத்தும் மாறவில்லை என்றால், ஸ்டீரியோவின் வால்யூமைத் தாண்டித்தான் அது உள்ளே வருகிறது. ஆம்பின் எர்த், அதாவது அதன் மைனஸை வண்டித் தகரத்தோடு இணைக்கும் வயர் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

நெல்லை மெக்கானிக்
பத்மினி, அம்பாசிடர் காலத்திலிருந்து டெர்மினலைக் கழற்றிப் பார்க்கிறோம், ஒன்றும் ஆனதில்லை.

வயர்மேன்
அண்ணே, அந்த வண்டிகளில் கார்புரேட்டரும் பிளாட்டினம் பாயிண்டும்தானே? கெட்டுப்போக இசியூவே கிடையாது. 2009 வண்டியை அந்தக் கணக்கில் பார்க்க முடியாது. மீட்டர் வைத்தால் போதும். பேட்டரியில் ஓடும்போது டிசி 13.8 முதல் 14.4க்குள் இருக்க வேண்டும். அதே இடத்தில் ஏசி வோல்ட் 0.1க்குள் இருந்தால் டயோட் நன்றாக இருக்கிறது. 0.5க்கு மேல் போனால் அண்ணன் சொல்வது போல டைனமோவை இறக்கிவிடலாம்.

நெல்லை மெக்கானிக்
மீட்டர், மீட்டர் என்றால் எந்த மீட்டர்? கடையில் கிடைக்கும் மலிவு மஞ்சள் மீட்டரில் ஏசி ரேஞ்சே 200 வோல்ட்டில்தான் ஆரம்பம். 0.1 எப்படித் தெரியும்? பேட்டரியில் வைத்தால் ஒரு பக்கம் இருபத்தைந்துக்கு மேல் காட்டும், வயரைத் திருப்பி வைத்தால் பூஜ்யம் காட்டும். அதைப் பார்த்து டைனமோ நல்லது என்று முடிவு செய்துவிடாதே தம்பி. ஹெட்லைட், ஏசி புளோயர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் ஓடும்போதும் பார்க்க வேண்டும். லோடு இல்லாதபோது அரைகுறை டயோட்கூட நல்லபிள்ளையாக இருக்கும்.

வயர்மேன்
மீட்டர் விஷயத்தில் அண்ணன் சொல்வது நூறு சதவீதம் உண்மை. மில்லிவோல்ட் ஏசி உள்ள மீட்டரை யாரிடமாவது வாங்கிப் பாருங்கள். லோடு போட்டும் பாருங்கள்.

ஈரோடு சவுண்ட்ஸ்
இவ்வளவு வேலை எதற்கு? ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரில் நாய்ஸ் ஃபில்டர் ஒன்று செருகினால் விசில் போய்விடும்.

வயர்மேன்
போகும். அந்த ஃபில்டருக்குள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. விலை குறைந்ததைப் போட்டால் பேஸும் சேர்ந்து போகும், எர்த் கோளாறு அப்படியே கிடக்கும். எல்லாம் பார்த்த பிறகு கடைசியில் போடலாம்.

சேலத்தான் சார், ஆம்பை அணைத்துவிட்டு ஆர்சிஏ பின்னைக் கழற்றுங்கள், பிறகு ஆன் செய்யுங்கள். விசில் நின்றால் அது அந்த வயர் வழியாகத்தான் வருகிறது. அப்புறம் பாட்டைச் சத்தமாக வைத்து, பேட்டரி மைனஸுக்கும் ஆம்பின் எர்த் திருகுக்கும் இடையே டிசி வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள்.

சேலத்தான்
நண்பரிடம் நல்ல மீட்டர் கிடைத்தது. ஐடிலிங்கில் டிசி 14.1, ஏசி 0.03. நெல்லை அண்ணன் சொன்னபடி எல்லா லோடும் போட்டேன்: 13.9, 0.05. ஆர்சிஏவைக் கழற்றியதும் விசில் நின்றது. எர்த் பக்கம்தான் மோசம்: பாட்டு சத்தமாக ஓடும்போது 0.9 வோல்ட். டிக்கி பாயைத் தூக்கிப் பார்த்தால், எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே ஒரு தகரத் திருகில் முடுக்கியிருக்கிறார்கள். வயர் நுனியில் உள்ள லக்குக்கு (உலோக வளையத்துக்கு) அடியில் துரு. உப்புத்தாள் வைத்துத் தகரம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, தடித்த வயராகப் போட்டு, போல்ட் நட்டு வைத்து இறுக்கினேன். இப்போது 0.1தான். விசில் பெரும்பாலும் போய்விட்டது. ஹெட்லைட் போட்டு வேகமாகப் போகும்போது மட்டும் லேசாகக் கேட்கிறது.

நெல்லை மெக்கானிக்
நல்லது தம்பி. ஆனாலும் மிச்சம் கேட்கிறதே, அதனால் இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் பட்டையையும் பார். பழைய வண்டியில் அது நுனியில் இற்றுப்போயிருக்கும். காலையில் பேட்டரி படுத்தால் டயோட் கசிவைச் சோதிக்காமல் விடாதே. கார்பன் எவ்வளவு மிச்சம் என்று மீட்டர் சொல்லாது, அடுத்த சர்வீஸில் கழற்றிப் பார்த்துவிடு.

வயர்மேன்
பட்டையை அவசியம் பாருங்கள். கார்பனையும் பார்க்கலாம், ஆனால் அது இந்த விசிலுக்கான மருந்து இல்லை. ஆம்பின் பவர் கேபிளும் ஆர்சிஏ வயரும் ஒரே பக்கமாகவா டிக்கிக்குப் போகின்றன?

சேலத்தான்
ஆமாம் சார், டிரைவர் பக்கக் கதவுப் படிக்கு அடியில் இரண்டையும் சேர்த்து டேப் சுற்றியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆர்சிஏவை மட்டும் இடது பக்கமாக மாற்றி ஓட்டுகிறேன். எர்த் பட்டையையும் அன்றைக்கே பார்த்துவிடுகிறேன்.